மருத்துவ வெளியேற்றம்

பயணக் காப்பீட்டு ஏஜெண்டின் பேனா முனை ‘மருத்துவ வெளியேற்றம்’ என்ற வரியில் வந்து நின்றதும், எதிரே உட்கார்ந்திருந்தவள் கைப்பையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

“கப்பல் டூர் போறவங்க இதைத்தான் ஆன்ட்டி முதல்ல பார்க்கணும். மலிவு பாலிசியில இது இருக்காது, இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும்,” என்றாள் ஏஜெண்ட். கண்ணாடி போட்ட சின்னப் பெண். மேசைமேல் கையளவில் ஒரு பிளாஸ்டிக் கப்பல், அதன் புகைபோக்கிக்குள் குண்டூசிகள்.

“எங்க அண்ணிக்கு அதெல்லாம் எதுக்கும்மா? இரும்பு உடம்பு. தும்மிக்கூட நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் நாக்கைத் தவிர எல்லாத்துலயும் கோளாறு,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார். கணவர் இறந்துபோன பிறகும் ‘அண்ணி, அண்ணி’ என்று விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் அவருடைய ஒரே தங்கை. இந்தக் கப்பல் பயணமே அவளுடைய பிடிவாதம்தான்.

வெளியேற்றம். அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. வகுப்பில் விழுந்து கைகால் வெட்டி இழுத்த மறுநாள், அப்பாவை வரச்சொல்லிப் பையோடு அவளை வெளியேற்றினார்கள். ஆடைத் தொழிற்சாலையில் மிஷின்மேலேயே சரிந்த அன்று, மாலைக்குள் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அதன்பிறகுதான் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கையால் ஓரம் அடிக்கவும் பட்டன் வைக்கவும் தொடங்கினாள். கணவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவள் விழுங்கும் மாத்திரையைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டால் அது சத்து மாத்திரை என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். மாத்திரை இன்றைக்கும் கைப்பையில் இருக்கிறது. வலிப்பு வந்து நாளாயிற்று. ஆனால் வராது என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்?

தரையில் வெளியேற்றினால் நிற்க ஒரு தெருவாவது இருந்தது. கடலில்?

“நடுக்கடல்ல எங்கம்மா இறக்கி விடுவாங்க?” என்று கேட்டேவிட்டாள்.

“தண்ணியிலதான். நீச்சல் தெரியுமா அண்ணி?” நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

ஏஜெண்ட் விழித்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. “ஐயோ ஆன்ட்டி, அந்த வெளியேத்தறது இல்ல! யாரோ தப்பா மொழிபெயர்த்து வெச்சிருக்காங்க. இது இறக்கி விடறதில்ல, தூக்கிக்கிட்டுப் போறது.”

கப்பலில் ஒரு டாக்டர் உண்டு, அறையும் உண்டு. அவருக்கு மீறியது என்றால் கேப்டன் கரைக்குத் தகவல் சொல்வார் என்றாள். கரை எட்டாத தூரமாக இருந்தால் கப்பலே பாதையை மாற்றிக்கொண்டு கிட்டே வரும். மேலே ஹெலிகாப்டர் வந்து நிற்கும். கயிற்றில் ஒருவர் இறங்கி, நோயாளியைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே போவார்.

“கப்பல்ல எத்தனை பேர் இருப்பாங்க?”

“மூவாயிரத்துக்குக் குறையாது.”

“அத்தனை பேரையும் வெச்சுக்கிட்டா திருப்புவாங்க?”

“ஆமா ஆன்ட்டி. ஒரே ஒருத்தருக்காக.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும். ஆனா இருக்கற வியாதியை முன்னாடியே சொல்லிடணும். மறைச்சா, செலவு மொத்தமும் நம்ம தலையில விழும்.”

ஒருமுறை பேருந்தில் வலிப்பு வந்தபோது, நிறுத்தத்து பெஞ்சில் அவளைக் கிடத்திவிட்டு வண்டி நேரத்துக்குக் கிளம்பிப் போனது. அதை அவள் குறையாக நினைத்ததுகூட இல்லை. எல்லோருக்கும் வேலை இருக்கும்தானே. இப்போது, ஒரு தெருவையே அடுக்கிவைத்ததுபோன்ற உயரத்தில் ஒரு கப்பல், தூங்குகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் சுமந்துகொண்டு, இருட்டுத் தண்ணீரில் மெல்ல மெல்லத் திரும்புவதைப் பார்த்தாள். ஒரு பட்டன் தைப்பவளுக்காக. உலகத்தில் இப்படியும் ஒரு ஏற்பாட்டை யாரோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள். அவள் கையில் மயிர் கூச்செறிந்தது.

“எனக்கு வலிப்பு உண்டும்மா,” என்றாள்.

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஏஜெண்ட் தலைமை அலுவலகத்து நர்சை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். முகம் தெரியாத குரல் ஒன்று, மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டது. கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டது. பிறகு, “வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?” என்றது.

இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை; கணவர்கூட.

“தெரியும். எல்லாம் வெளிச்சமாயிடும். மேசை, சுவரு, எதிர்ல இருக்கறவங்க முகம், எல்லாத்துக்கும் உள்ள விளக்கு வெச்ச மாதிரி. பயமே இருக்காது. ரொம்ப அழகா இருக்கும். அப்புறம்தான் ஒண்ணும் தெரியாது.”

“லைன்ல இருங்கம்மா. ஏத்துக்குவாங்களான்னு டாக்டரைக் கேட்டுட்டு வரேன்.”

ஸ்பீக்கரில் ஏதோ இசை ஓட ஆரம்பித்தது.

“அண்ணனுக்குத் தெரியுமா?” என்றாள் நாத்தனார், மேசையைப் பார்த்தபடி.

“தெரியும்.”

“பாவி மனுஷன். எங்கிட்ட மூச்சு விடலையே.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏஜெண்ட் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, அந்த ஹெலிகாப்டர்ல கூட ஒரு ஆள் ஏறலாமா?”

“பெரும்பாலும் இடம் இருக்காது ஆன்ட்டி.”

“சரி போகட்டும். பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு அடுத்த துறைமுகத்துல இறங்கி நான் வந்து சேர்ந்துக்கறேன். அதுவரைக்கும் தனியா இருப்பீங்கல்ல அண்ணி?”

இசை இன்னும் நிற்கவில்லை. மனதுக்குள் அவள் கயிற்றில் மேலே போய்க்கொண்டிருந்தாள். கீழே கப்பல் சிறுத்துக்கொண்டே வந்தது, சுற்றிலும் கடல் பெருத்துக்கொண்டே போனது. ஈரமான மேல்தளத்தில், காற்றில் புடவை படபடக்க, கழன்று விழுந்த அவள் செருப்பு இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நாத்தனார் நின்றாள்.