விடுதலைக் காட்சிக்கு ஒத்திகை

“சார், என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க.”

ஊரில் ஏஜென்ட் பாண்டித்துரை படித்துப் படித்துச் சொல்லியனுப்பியிருந்தார்: ஓனரிடம் லீவு கேள், டூட்டி மாற்றக் கேள், இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே. உமாராணி கேட்டேவிட்டாள். அதுவும் வளைகுடா நகரமான சோஹாரில், தமிழர் சங்கம் வாடகைக்கு எடுத்த ஹாலில், வெள்ளிக்கிழமை மத்தியானம் நாடக ஒத்திகை நடுவே. ஓனர் சேதுமாதவன் அமெரிக்கத் தளபதி வேஷத்தில், இடுப்பில் அட்டைக்கத்தியோடு, அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கும் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இப்பவா? ரிகர்சல் முடியட்டும்மா.”

நாடகத்தை எழுதியவளே அவள்தான். அவர் கம்பெனியில் ஆட்களின் ஃபைல் பார்க்கிற வேலை அவளுக்கு. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் வரலாற்றில் என்று தெரிந்ததும் சங்கத்து ஆண்டுவிழா அவள் தலையில் விழுந்தது. கதை நடப்பது 1865-இல், டெக்சாஸில். அடிமைகளாக நடிக்க அதே கம்பெனியின் லேபர் கேம்ப்பிலிருந்து வெல்டர் ராக்கப்பனும் இன்னும் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். “இவங்களுக்கு மேக்கப்பே வேண்டாம்,” என்று சேதுமாதவனின் மனைவி நளினி சந்தோஷப்பட்டாள்.

“சைட்டு வெயிலு போட்ட மேக்கப்பும்மா,” என்றார் ராக்கப்பன். “கழுவுனாலும் போகாது.”

சற்று முன்புதான் தளபதி குரலைக் கனப்படுத்தி வாசித்தார்: “இந்த நிமிஷம் முதல் நீங்கள் சுதந்திர மனிதர்கள்.” ஆறு பேரும் துள்ளி எழுந்து மேடையைவிட்டு ஓட வேண்டும். ஒருவரும் அசையவில்லை.

“போங்கப்பா.”

“எங்க சார் போறது? கேம்ப் பஸ்ஸு ஆறு மணிக்குத்தான வரும்,” என்றார் ராக்கப்பன். ஏசியை விட்டுப் போக அவருக்கு மனமே இல்லை.

சேதுமாதவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே முடிவை மாற்றினார்: விடுதலையானவர்கள் எஜமான் காலில் விழுந்து, இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று பாட வேண்டும். “நெஜத்துலயும் அப்படித்தானே உமா நடந்திருக்கும்?”

“ஆமா சார். அந்த உத்தரவுலயே இருக்கு. உங்களுக்கு விடுதலை, ஆனா இருக்கிற எடத்துலயே சத்தம் போடாம கூலிக்கு வேலை பாருங்கன்னு.”

“பாத்தியா, வரலாறே என் பக்கம்.”

அந்தச் சொல்லில்தான் அவள் பாஸ்போர்ட்டைக் கேட்டது.

“அது என் லாக்கர்ல பத்திரமா இருக்கு,” என்றார் இப்போது. “நீ எங்கேயாவது தொலைச்சிட்டா? நீ எனக்குப் பொண்ணு மாதிரிம்மா.”

“அப்ப ஸ்வாதி பாஸ்போர்ட்டும் அதே லாக்கர்லயா சார்?”

“எங்க பொண்ணு எதுக்கு அதுல வைக்கணும்?” தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த நளினி வெள்ளந்தியாகச் சொன்னாள். “ஹேண்ட்பேக்லயே வெச்சுக்குவா. ரெண்டு தடவை தொலைச்சும் இருக்கா.”

அடிமைகளில் யாரோ சிரித்தார்கள். தளபதியின் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

“எதுக்கு வேணும்? காரணத்தை எழுதிக் கொடு, பாக்கலாம்.”

“எழுதிட்டேன் சார். உங்களுக்கில்ல, லேபர் ஆபீஸுக்கு. நேத்தே டைப் பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில, லீவு முடிஞ்சு ஆபீஸ் தொறந்ததும் கொடுக்கப்போறேன். அதுக்கு முன்ன உங்ககிட்ட ஒரு தடவை வாயால கேட்டுரலாம்னுதான்.”

“அப்ப இந்த நாடகத்தை யாரு முடிக்கிறது?”

“நீங்கதான் முடிச்சிட்டீங்களே.”

காலில் விழுவதற்காக முட்டி போட்டிருந்த ராக்கப்பன் தலையைத் தூக்கினார். “தங்கச்சி, ஒரு மனுவுல எத்தன பேரு எழுதலாம்?”

“எத்தன பேருன்னாலும் எழுதலாம்ணே. உங்க எல்லாரு பாஸ்போர்ட் நம்பரும் எனக்கு மனப்பாடம்.”

வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டு, உமாராணி வெயிலில் இறங்கி நடந்தாள்.