நாலாவது மூலை

“உட்கார ஒரு நாற்காலி வேணுங்க” என்றேன்.

கேட்கவே கூடாது என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது அதைத்தான். செருப்பைப் பின்வாசலில் விடு. கூப்பிட்டால் உள்ளே போ. நின்றுகொண்டே வேலையைப் பார், நின்றுகொண்டே பதில் சொல். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அந்த எஸ்டேட் பங்களாவைக் கூட்டித் துடைக்கிறாள். ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்ததில்லை.

எஸ்டேட் மேனேஜர் சசிதரன் துரை சமையல்காரர் சில்வஸ்டரைப் பார்த்தார். சில்வஸ்டர் அடுப்படி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுல உட்கார்ந்தா கீபோர்டு எட்டாதுங்க.” சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆளில்லாமல் கிடந்த நாற்காலிகளில் ஒன்றை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஸ்டூலைத் திருப்பி எடுக்கக் குனிந்தபோது சில்வஸ்டர் என் காதோரம் சொன்னார்: “நடத்து தாயி. வந்த நாள்லருந்து இந்த ஊட்டுல குத்தவச்சேதான் சாப்பிடறேன். கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

அடுப்படிக் கதவோரம் அம்மா நின்றாள். தலையில் அடித்துக்கொள்ள அவள் கை துடிப்பது தெரிந்தது.

பயப்படக் காரணம் இருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து துரையின் கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறக்கவில்லை. ஆன் செய்தால் கறுப்புத் திரை. எப்படித் திறக்கட்டும், நார்மலா, சேஃப் மோடா என்று கேட்டு நிற்கும். எதை அழுத்தினாலும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சேஃப் மோடுக்குள் போய்விடும். சேஃப் மோடு என்றால் காய்ச்சல்காரன் கஞ்சி குடித்துப் படுத்திருக்கிற மாதிரி. உயிர் இருக்கும், வேலைக்கு ஆகாது. மோடம் ஓடாது, மெயில் போகாது. ஏலத்தில் தேயிலைத்தூள் விலை விழுந்து கிடக்கிற நேரத்தில் கம்பெனிக்குத் தினமும் கணக்கு அனுப்ப வேண்டிய துரை, ஒரு ஃபேக்ஸுக்காகக் குன்னூருக்கு ஜீப்பை விரட்டிக்கொண்டிருந்தார். ஊட்டி மெக்கானிக் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டானாம்: “ஃபார்மேட் பண்ணணும் சார். உள்ள இருக்கிறதெல்லாம் போயிரும். தண்ணி கிண்ணி பட்டுச்சா?”

துரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். தண்ணி என்றால் ஈரத்துணி. ஈரத்துணி என்றால் வீரம்மா. வீரம்மா என் அம்மா.

“இன்னைக்கு சரியாகலைன்னா உங்கம்மா நாளையிலருந்து வரவேண்டாம்” என்று சொல்லித்தான் என்னை உள்ளேயே விட்டார். “ஏற்கெனவே ஆள் அதிகம்னு கம்பெனியில குதிக்கிறாங்க.”

கொழுந்துக்கு விலை இல்லாமல் எங்கள் எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை கிடையாது. பங்களா வேலை போனால் அம்மாவுக்குத் தோட்டத்தில் வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு லயத்தின் வரிசை வீடுகளில் அறையும் இல்லை. இலங்கையிலிருந்து ஒரு தடவை எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவள். இன்னொரு தடவை மூட்டை கட்டச் சொன்னால் செத்துப்போவேன் என்பாள். திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடைத்த கம்ப்யூட்டர் வேலைக்கு நான் இன்னும் சரி சொல்லாமல் இருந்ததும் அதனால்தான்.

எங்கள் லயத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதைக் கொண்டு அம்மாவின் கூரையைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பித்தான் அன்று போனேன்.

“படிச்சதையெல்லாம் காட்டு, பார்க்கலாம்” என்றார் துரை, என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி.

ஆன் செய்தேன். ஃப்ளாப்பி எதுவும் உள்ளே இல்லை. ஹார்ட் டிஸ்க் சத்தம் சீராக இருந்தது. அதே கறுப்புத் திரை. ஒன்றாம் எண்ணை அழுத்தினேன், அசையவில்லை. அம்புக்குறியை அழுத்தினேன், அசையவில்லை. சேஃப் மோடு. ஆஃப் செய்து, பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒயர்களையெல்லாம் ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி ஆன் செய்தேன். மறுபடியும் சேஃப் மோடு.

“ஃபார்மேட் பண்ணிரு. சும்மா நேரம் போகுது.”

“பண்ணினா உங்க கணக்கெல்லாம் போயிருங்க.”

“போனா உங்கம்மாவாலதான் போச்சுன்னு எழுதிடறேன்.”

வாயைத் திறந்தால் எதையாவது சொல்லிவிடுவேன். அதற்குப் பயந்து, சேஃப் மோடிலேயே எழுதுகிற பக்கத்தைத் திறந்து விரலுக்கு வந்த எழுத்தைக் குத்தினேன். திரையில் ‘ஓ’ விழவில்லை. ஃபைலைத் திற என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அதை மூடிவிட்டு பி அடித்தேன். பிரிண்ட் எடுக்கவா என்று கேட்டது.

விரலை எடுத்துவிட்டேன். யாராவது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் இப்படி வரும். ஆன் ஆகும்போதே அந்தக் கீ அமுங்கியிருந்தால், எப்படித் திறக்கட்டும் என்று மெஷின் கேட்கத்தான் செய்யும். நாம் அழுத்துகிற மற்ற கீ எதுவும் அதற்குப் புரியாது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

கீபோர்டை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். மூலைக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். மூன்று மூலைகளில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாலாவதில், இடது பக்கக் கீழ் மூலையில், கறை மட்டும்தான். கன்ட்ரோல் கீ இருக்கிற மூலை. பன்னீர் அதிகமாகிப்போன சந்தனம் வழிந்து கீக்கு அடியில் இறங்கி இறுகியிருந்தது.

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி நெம்பினேன். கீ கழன்று வந்தது. அடியில் மஞ்சளாக ஒரு வில்லை.

அதைச் சுரண்டும்போதுதான் மற்றதும் புரிந்தது. அம்மா தாலி அறுத்தவள். பூஜையன்று குங்குமத் தட்டுப் பக்கம் அவளை விடமாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு, கொடுத்த பொரியை முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பொரியை நானும் தின்றேன். எங்கள் எஸ்டேட்டில் எந்த மெஷினுக்கும் முதல் பொட்டு துரை கையால்தான். ஃபேக்டரி ரோலருக்கு, லாரிக்கு, ஜீப்புக்கு, கடைசியாகப் பங்களாவில் இந்தக் கம்ப்யூட்டருக்கு. இந்த வருஷமாவது விலை ஏறட்டும் என்று தாராளமாகவே வைத்தாராம்.

கீயைத் துடைத்து மாட்டினேன். ஆன் செய்தேன். கறுப்புத் திரை நிற்காமல் கடந்து போனது. மேகம் போட்ட நீலப் படம் வந்தது. மோடம் கீச்சிட்டு லைனைப் பிடித்தது.

துரை மூச்சு விட்டார். “என்னவா இருந்துச்சு?”

“சந்தனங்க.” வில்லையை மேஜைமேல் வைத்தேன். “பூஜையன்னிக்கு நீங்க வச்சது, உள்ள இறங்கிருச்சு. ஈரத்துணியெல்லாம் இல்ல.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. துரை வில்லையைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

“வீரம்மா, நீ இதைத் துடைச்சியா, இல்லையா?”

“அவங்க இந்த மேஜையைத் தொடவே கூடாதுன்னு நீங்கதானே...” என்று நான் தொடங்கினேன்.

“தொடச்சேங்க தொர” என்றாள் அம்மா. “ஈரத்துணிதான். அதுல கரைஞ்சு உள்ளுக்கு இறங்கியிருக்கும். தெரியாம செஞ்சிட்டேன்.”

“அம்மா.”

“நீ சும்மா இரு புள்ள.”

துரையின் முகம் தெளிந்தது. “சரி, போகட்டும். இனிமே பார்த்து நடந்துக்க. நாளைக்கு வழக்கம்போல வா.” என்னிடம் பேசும்போது குரலே வேறாக இருந்தது. “ஃபேக்டரி ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் வருது. திங்கக்கிழமையிலருந்து வந்துரு. ஆள் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, நான் பேசிக்கறேன்.”

அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அந்த மன்னிப்புக்கு ஒரு கும்பிடு. என் டிகிரி கீயைக் கழற்றியது. அந்தக் கையைப் பிரிக்க அதால் முடியவில்லை.

“‘நான் வச்ச சந்தனம்தான், உன்மேல தப்பில்ல’ன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. திங்கக்கிழமை வர்றேன்” என்றேன்.

துரை சிரித்தார். “உனக்கு வேலை வேணுமா, வழக்கு வேணுமா?”

எழுந்தேன். நாற்காலியை இழுத்துப்போட்ட இடத்திலேயே விட்டேன்.

“வேலை வேண்டாங்க.”

அம்மா ஹாலுக்குள் ஓரடி வைத்து, அதற்குமேல் வராமல் நின்றாள். “பைத்தியமாடி உனக்கு? லயம் தங்கிருச்சில்ல, அதுக்குத்தானே வந்த?”

“உனக்குத் தங்கிருச்சு, இருந்துக்க. நான் காலையில திருப்பூர் போறேன். ரூம் பாத்துட்டு வந்து கூப்பிடுவேன்.”

“நான் வரமாட்டேன்.”

“அப்பவும் கூப்பிடுவேன்.”

முன்கதவை நோக்கி நடந்தேன்.

“தாயி, செருப்பு அந்தப் பக்கம்” என்றார் சில்வஸ்டர்.

“தெரியும்ண்ணா.”

பித்தளைத் தாழ்ப்பாள் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். வெளியே மஞ்சுமூட்டம் படிவரை ஏறி நின்றிருந்தது. சரளைக்கல் வெறுங்காலில் குத்தியது. பின்வாசல் பக்கம் போகாமல், ஜீப் வருகிற பெரிய கேட்டைப் பார்த்து நடந்தேன்.