பாதி மூட்டை

மத்தியானம் மரத்தடியில் மூட்டையைப் பிரித்தபோதுதான் தான் செய்த கூத்து தையல்காரிக்குத் தெரிந்தது. சாப்பாடு இருந்தது, போர்வை இருந்தது, தட்டு இரண்டு இருந்தன. தண்ணீர் பாட்டில் இல்லை. கொப்புளத்துக்குப் போடும் களிம்பும் இல்லை.

அதெல்லாம் அவர் மூட்டையில் வருகிறவை. கல்யாணமானதிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வருஷம் தவறாமல் மலைமேல் உள்ள சந்நிதிக்கு நடந்து போவார்கள். அவள் பாதி கட்டுவாள், அவர் பாதி கட்டுவார். அவர் செத்த பிறகு இதுதான் முதல் நடை. கை பாட்டுக்குத் தன் பாதியை மட்டும் கட்டிவிட்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

தண்ணீர் இல்லாமல் சோறு இறங்காது என்று மூட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு பட்டினியோடு நடந்தாள். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. குதிகால் கொப்புளம் உடைந்து செருப்பு பிசுபிசுத்தது. கேட்டால் யாரும் தண்ணீர் கொடுப்பார்கள். ஆனால் மகராசிக்கு வாய் திறந்து கேட்டுப் பழக்கமில்லை. அதுவும் அவர் வேலையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் யாத்திரிகர் கூடத்தில், பக்கத்தில் இடம்பிடித்திருந்த நர்ஸம்மா தானாகவே தண்ணீர் நீட்டினாள். காலுக்கு மருந்தும் போட்டுவிட்டாள். அப்போது தட்டுகள் அவள் கண்ணில் பட்டன.

"வீட்டுக்காரர் எங்கக்கா?"

"பின்னாடி வர்றாரு."

பொய் எப்படி வாயில் வந்தது என்று தையல்காரிக்கே தெரியவில்லை. சொன்னதும் மனசு குளிர்ந்துபோனது. அதுதான் கொடுமை. நர்ஸம்மா நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டாள். தையல்காரி கொஞ்சமும் கூசாமல் அங்கே போர்வையை விரித்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. கூடம் நிரம்பி வழிந்தது. தொப்பலாக நனைந்து, கால் வீங்கிய ஒருத்தி அந்தப் போர்வையருகே வந்து நின்றாள்.

"அங்க உக்காராதீங்கம்மா. அக்கா வீட்டுக்காரர் வர்றாரு," என்றாள் நர்ஸம்மா.

வந்தவள் சாரல் அடிக்கும் வாசல் பக்கமே திரும்பினாள்.

இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தையல்காரியின் நெஞ்சு கெஞ்சியது. அதையும் விட்டால் அவர் ஒரேயடியாகப் போய்விடுவார் போலிருந்தது. வாசலில் அந்தப் பெண் சுவரைப் பிடித்தபடி, ஒரு காலை மாற்றி மறுகாலை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க வாம்மா," என்றாள் தையல்காரி. "யாரும் வரலை. அவரு இனிமே வரமாட்டாரு."

நர்ஸம்மா நகர்ந்து வழி விட்டாள். வந்தவள் உட்கார்ந்து காலை நீட்டினாள். தையல்காரி இரண்டாவது தட்டையும் எடுத்து வைத்துச் சாப்பாட்டைப் பிரித்தாள். அதையும் அவள் இரண்டு பேருக்குத்தான் கட்டியிருந்தாள்.