ஏழாம் பிரிவுக்கு எத்தனை பேர்?

உதயகுமாரின் பட்டியலில் ஒன்பது எம்.எல்.ஏ.க்களும் பச்சையாக இருந்தார்கள்.

"ஒம்போதுக்கு ஒம்போது," என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

சுகாசினி எட்டிப் பார்த்தாள். "பந்தியில உக்காந்துக்கினு இருக்கிறவங்கள சாப்பாடு எப்படின்னு கேட்டா, யாருப்பா நல்லா இல்லன்னு சொல்லுவாங்க?"

"பொறாம உனக்கு."

காஞ்சிபுரம் நுகர்வோர் மன்றம் ஒரு காபித்தூள் கடையின் மாடியில் இருந்தது. கீழே கொட்டை அரைபடும் வாசனையில், புகார் கொடுக்க வருபவர்கள் பாதிப் புகாரிலேயே காபி கேட்பார்கள். உதயகுமார் சட்டம் படித்தவன். சுகாசினி படித்தது ஒரு பெரிய பட்டுக்கடையின் வெள்ளை மெத்தையில், ஆறு வருடம் சேலை விரித்துக்காட்டி. ஒருநாள் சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா, "இது சுத்தப் பட்டா?" என்று கேட்டார். "பாவு நூல்தான் பட்டும்மா, குறுக்க ஓடுற ஊடை வேற," என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. மன்றத்துக்குப் புகார் எழுத வந்தவளைத் தலைவர் கலியாணசுந்தரம் அங்கேயே உட்காரவைத்துக்கொண்டார்.

இப்போது சட்டசபையில் ஒரு மசோதா வந்திருந்தது. அதன் ஏழாம் பிரிவு, பட்டு விற்கும் ஒவ்வொரு பில்லிலும் அது முழுப்பட்டா கலப்பா, கைத்தறியா விசைத்தறியா, சரிகை எப்படிப்பட்டது என்பதை எழுதியே ஆகவேண்டும் என்றது. கடைக்காரர்கள் சங்கம் ஒரே ஒரு மாற்றம் கேட்டது. 'வாடிக்கையாளர் கேட்டால்' எழுதித் தருவோம் என்றது.

மசோதாவை ஆராயும் ஒன்பது பேர் குழு அன்று ஊருக்கு வந்திருந்தது. காலையில் கூட்டம், மதியம் பிள்ளையார்பாளையத்தில் தறி பார்ப்பது, நாலு மணிக்குச் சென்னை. குழுத்தலைவர் மன்றத்தாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "கிளம்பறதுக்குள்ள சொல்லிடுங்க. 'கேட்டால்'னு ஒத்துக்கிறீங்களா, முழுப் பிரிவையே ஓட்டுக்கு விடறதா? முழுசா விட்டு அஞ்சு பேர் தேறலைன்னா ரெண்டும் போயிடும்."

ஆக, ஐந்து பேர் தேறுவார்களா என்று தெரியவேண்டும்.

"கேட்டால்னு போட்டா யாரு சார் கேப்பாங்க?" என்றாள் சுகாசினி. "கேட்டாங்க ஒரு அம்மா. சொன்னேன். இன்னா ஆச்சு?"

"ஆத்திரம் வேற, எண்ணிக்கை வேறம்மா," என்றார் கலியாணசுந்தரம். முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர். எதையும் கையில் வைத்து எடைபார்த்துவிட்டுத்தான் பேசுவார். "இவன் ஒம்போதுன்றான். நீ எவ்ளோன்ற?"

"நாலு."

உதயகுமார் சிரித்தான்.

அவள் கணக்கு மெத்தைக் கணக்கு. "அழகா இருக்குது, எடுத்து வைங்க, சாமி கும்பிட்டுட்டு வந்து வாங்கிக்கிறோம்" என்று போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. எந்தக் கோயிலில் எந்தச் சாமி பிடித்து வைத்துக்கொள்ளுமோ தெரியாது. வாங்குகிறவர்கள் வேறு ஜாதி. சேலையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள், கரை கோணல் என்பார்கள், வாடிய கத்திரிக்காய் நிறம் என்பார்கள், இரண்டு மணிநேரம் சண்டை போட்டுவிட்டு அதையே கட்டச் சொல்வார்கள். காலைக் கூட்டத்தில் நான்கு பேர் சண்டை போட்டார்கள். அபராதம் போதாது என்றார் ஒருவர். சரிகையை யார் சோதிப்பது என்று மூன்று தடவை கேட்டார் தேவசகாயம் என்ற உறுப்பினர். இன்னும் நான்கு பேர் "அற்புதமான சட்டம்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மிச்சம் ஒருவர், ரேணுகாம்பாள். வாயே திறக்கவில்லை.

"தலையாட்டினாங்களே," என்றான் உதயகுமார்.

"தூங்கி விழுந்தாங்கப்பா."

மதியம், பிள்ளையார்பாளையத்தில் கதிர்வேல் என்ற நெசவாளியின் வீட்டில், ஒன்பது பேரும் தறிக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கியடித்து நின்றார்கள். படமெடுத்துக்கொள்ள ஒவ்வொருவராகத் தறியில் உட்கார்ந்து எழுந்ததில் கதிர்வேலுக்கு ஒரு மணி நேர வேலை கெட்டது. மற்றவர்கள் மோர் குடிக்க வாசலுக்குப் போனபோது ரேணுகாம்பாள் மட்டும் உள்ளே நின்று மசோதாவைப் புரட்டினார். சுகாசினியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ மன்றத்துப் பொண்ணுதானே? இந்தக் கதிர்வேலு வீட்லயே மாசம் ஒரு சேலை விக்கிறாராம். பில்லு புக்கு வெச்சிருக்காரா?"

உதயகுமார் முந்திக்கொண்டான். "அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல மேடம்."

"உன்னக் கேக்கல தம்பி."

சுகாசினி தறியைப் பார்த்தாள். உண்மை சொல்லி ஒரு தடவை சோறு போயிருக்கிறது. இங்கே சொன்னால் ஏழாம் பிரிவே போகும்.

"இல்ல மேடம், வெச்சிருக்கல," என்றாள். "இவருக்குக் கஷ்டந்தான்."

"அப்போ சட்டம் வந்தா மொத அபராதம் இவருக்கு."

"ஆமா மேடம்."

உதயகுமார் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஓட்டை இருக்குதுன்னு தெரிஞ்சேதான் தூக்கிக்கினு வந்தீங்களா?"

"ஓட்டைய தைச்சிக்கலாம் மேடம். கேட்டால்னு போட்டா துணியே இருக்காது."

ரேணுகாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதன் பிறகு பத்து நிமிடம் திட்டினார். பிரிவின் மொழி சரியில்லை, இதை எழுதியவன் ஒரு சேலையாவது வாங்கியிருப்பானா, தறிக்காரனை நினைத்தார்களா, மன்றம் என்று பேர் வைத்துக்கொண்டு காபி குடிக்கிறீர்களா. ஒவ்வொரு திட்டுக்கும் சுகாசினிக்கு உள்ளே நம்பிக்கை ஒரு படி ஏறியது. முடிவில் அவர், "வீட்ல நெய்ஞ்சி விக்கிறவங்களுக்குக் கூட்டுறவு சங்கமே பில்லு சீட்டு அச்சடிச்சித் தரணும்னு ஒரு வரி எழுதி நாளைக்கு அனுப்பு. புரியற மாதிரி எழுது!" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போனார்.

உதயகுமார் அவர் பெயரைச் சிவப்பாக்கினான்.

"அஞ்சு சார்," என்றாள் சுகாசினி, வாசலில் நின்ற கலியாணசுந்தரத்திடம்.

"கிழி கிழின்னு கிழிச்சாங்கன்றான் இவன்?"

"அதனாலதான் சார் அஞ்சு."

அவர் அவளை ஒரு பதிவுத்தபாலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வேன் அருகே போய்க் குழுத்தலைவரிடம் சொன்னார்: "முழுசாவே விடுங்க."

அடுத்த வியாழக்கிழமை சென்னையில் ஓட்டெடுப்பு. பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. கலியாணசுந்தரம் கேட்டுக்கொண்டே காகிதத்தில் எழுதினார்.

"அஞ்சுக்கு நாலு. பொழைச்சிக்கிச்சு. இனிமே அடுத்த மாசம் முழு சபை."

சுகாசினி காகிதத்தைப் பிடுங்கிப் பெயர்களைப் படித்தாள். ரேணுகாம்பாள் ஆதரவு. அவள் குறித்த நால்வரில் மூன்று பேர் ஆதரவு. தேவசகாயம் எதிர்ப்பு. ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டவர், கைக்கடிகாரம் பார்த்தவர்களில் ஒருவர்.

"அவர நான் பச்சைன்னு போட்டிருந்தேன்!" என்று குதித்தான் உதயகுமார்.

"நீ எல்லாரையுந்தான் போட்டிருந்தே."

"போட்டிருந்தேன்ல?"

"ஜெயிச்ச வீட்ல ஏம்மா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிற?" என்றார் கலியாணசுந்தரம்.

"நம்மால ஜெயிக்கல சார். அதிர்ஷ்டம்." அவளுக்கு வெட்கமாக இருந்தது. தேவசகாயம் மூன்று தடவை கேட்டார், சரிகையை யார் சோதிப்பது என்று. கேள்வி கேட்கிறார், ஆகவே வாங்கிவிடுவார் என்று பென்சிலால் குறித்துவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டாள். மெத்தையில் முதல் மாதம் உட்காருகிற பெண்கூடச் செய்யாத தப்பு. குறை சொல்லும் வாடிக்கையாளரைத் தனியே விட்டால் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

தேவசகாயத்தின் எண்ணைத் தேடிப் போட்டாள். உதவியாளர் எடுத்து, ஐயா சாப்பிடுகிறார் என்றார். காத்திருப்பதாகச் சொன்னாள். ரசம் முடிந்து மோருக்கு வந்த நேரத்தில் ஐயாவே பேசினார். "சார், சரிகைய யாரு டெஸ்ட் பண்றதுன்னு கேட்டீங்களே..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் குரல் அறை முழுவதும் கேட்டது.

உதயகுமார் பயந்துபோய்க் கிட்டே வந்தான். "இன்னாவாம்?"

சுகாசினி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திட்டுறாருப்பா. ஒரு நோட்டு குடு, சீக்கிரம்."