சிப்பிக்குள் புகுந்த பேய்க்கணவாய்

வலையில் சிக்கிய பேய்க்கணவாயை உருவி எடுக்கும்போது அது தமிழரசியின் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவுதான் உடம்பு. எட்டுக் கைகளாலும் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, மண்நிறத்திலிருந்து சட்டென்று கருஞ்சிவப்பானது. அவள் அலறி, கடல்தண்ணீர் இருந்த பக்கெட்டில் உதறினாள். பொட்டு ரத்தம்தான். ஆனால் நாத்தனார் அனு பதறிவிட்டாள்.

“அண்ணி, நீல வளையம் இருந்துச்சா? போன்ல பாத்தேன். அந்த வகை கடிச்சா மூச்சே நின்னுடுமாம்!”

தமிழரசி சரியாகப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது.

அவள் கணவன் சுதாகர் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பைக்கை விரட்டினான். “தமிழு, பேசிகினே வா” என்று வழியெல்லாம் கத்தினான். அவள் வாய்க்கு வந்த மீன் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷபானா மூச்சைப் பரிசோதித்தார். “இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கீங்க. எந்த வகைன்னு தெரிஞ்சா நல்லது.”

சுதாகர் அனுவை வீடியோ காலில் கூப்பிட்டான். பக்கெட்டில் கணவாய் இல்லை. வலையோடு வந்த பெரிய வெற்றுச் சிப்பி ஒன்று மட்டும் அடியில் கிடந்தது.

“இன்னாடி, வுட்டுட்டியா?”

“இங்கயேதான் குந்திகினு கீறேண்ணா! எலும்பே இல்லாதது, எந்தச் சந்துல பூந்துச்சோ!”

அனு கரையில் கிடந்த படகடியில் தேடினாள், வலையை உதறினாள். தமிழரசி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பிவந்து பக்கெட்டுக்குள் பார்த்த அனு கத்தினாள். சிப்பியின் இடுக்கில் ஒரு கண்! உள்ளே புகுந்து, இரண்டு ஓடுகளையும் கைகளால் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தது. குச்சியால் நெம்பினாள். கணவாய் சீறிக்கொண்டு வெளியே வந்து, உடம்பெல்லாம் சிவந்து கைகளை விரித்தது.

டாக்டர் போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “கோபம் வந்தா அந்த வகைக்கு வளையம் பளிச்சுன்னு தெரியும். இதுல நீலமே இல்ல. பயப்படாதீங்க.”

“அப்போ உதடு மரத்துச்சே?”

“பயத்துல வேகவேகமா மூச்சு விட்டிருப்பீங்க. சாயந்தரம் வரைக்கும் இருந்துட்டுப் போங்க.”

சுதாகர் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கி அழுதான். தமிழரசிக்குச் சிரிப்பு வந்தது.

“அண்ணி, இத இன்னா பண்றது?” என்றாள் அனு.

“பாறைகிட்ட வுட்டுடு. சிப்பியையும் சேத்துப் போடு, பாவம்.” பிறகு கணவனைப் பார்த்தாள். “எனக்குப் பசிக்குது. எழுந்து போய் வடை வாங்கினு வா.”

அவன் கண்ணைத் துடைத்தபடி எழுந்து ஓடினான்.