மழை ஏறிப் பார்க்கும்

நெட்டி தங்கள் வண்டியின் கூரைமேல் முட்டி போட்டுப் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ரப்பர் விரித்த கூரை. நேராக ஏறி நின்றால் அடியிலுள்ள பலகை அமுங்கிவிடும் என்பதால் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் முட்டியை ஊன்றியிருந்தாள். காலை ஒன்பது மணிக்கே ஆரிசோனா வெயில் முதுகைச் சுட்டது. இடது கையில் தலைமுடி உலர்த்தும் மெஷின், வலது கையில் பிளாஸ்டிக் கரண்டி. சூடு காட்டிச் சுரண்டினால் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வரும், அப்புறம் வராது.

"எவ்வளவு வந்திருக்கு?" என்று கீழிருந்து கணவன் வெண்டல் கேட்டான். நிழல் துணிக்கடியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூக்கிலிருந்து போன ஆக்சிஜன் குழாய் கதவு வழியாக வண்டிக்குள் நுழைந்து ஆக்சிஜன் தரும் மெஷினில் முடிந்தது.

"ஒரு சாண். நீ வெச்சது எட்டடி. கல்யாண கேக்குக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவியிருக்கியே மனுசா!"

"ஒழுகக் கூடாதுன்னுதான் தடவுனேன்."

"குளியலறைத் தொட்டிக்குப் பூசற சிலிக்கானைக் கூரைக்கு எவனாவது பூசுவானா? அதுமேல இனி ஒரு பசையும் ஒட்டாதே. பொட்டு விடாம எடுத்தாத்தான் புதுசு பிடிக்கும்."

மூன்று வருடங்களுக்கு முன் வெண்டலின் நுரையீரல் நன்றாக இருந்தபோது, கடையில் தள்ளுபடியில் கிடைத்ததென்று வாங்கிவந்து ஒரே மத்தியானத்தில் பூசி முடித்த வேலை அது. அன்றைக்கு இரண்டு பேரும் கீழே நின்று, வெள்ளையாக எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்கள். தண்ணீர் அந்த அழகுக்கு அடியிலேயே வழி கண்டுபிடித்து, ஓட்டுநர் இருக்கைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பரணின் மரத்தை மெதுவாகத் தின்றிருந்தது. போன வாரம் நெட்டி பரண் மூலையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது விரல் உள்ளே போய்விட்டது.

வண்டி 1993ஆம் வருடத்தது. நெப்ராஸ்காவில் வேலை பார்த்த இறைச்சி பதப்படுத்தும் ஆலையை மூடிய பிறகு, வீடும் கையை விட்டுப் போன பிறகு, அவர்கள் வாங்கிய மோட்டார்ஹோம். சமையலறை, கழிப்பறை, படுக்கை எல்லாம் இருபத்தேழு அடிக்குள். குளிர்காலத்தில் பாலைவனத்தின் இலவச நிலத்தில் சூரியத் தகட்டை வைத்து ஓட்டிவிடலாம். கோடையில் முடியாது. வெயில் நூற்றைந்து டிகிரியைத் தாண்டினால் வெண்டலின் மெஷின் சூடேறித் தானாக நின்றுவிடும். போன மே மாதம் அப்படி இரண்டு தடவை நின்றது. கையிருப்பு சிலிண்டரை மாட்டிவிட்டு ராத்திரி முழுக்க வண்டியை ஓட்டி மலைப்பக்கம் தப்பித்துப் போனார்கள்.

இந்த வருடம் அப்படி ஓட வேண்டியதில்லை என்று நெட்டி நினைத்தாள். கொலராடோ மலையில், விருந்தாளிகள் இதுபோன்ற வண்டிகளோடு வந்து தங்கும் ஓர் ஏரிக்கரை முகாமில் வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் கழிப்பறை கழுவுவது, அடுப்புக் குழியில் சாம்பல் அள்ளுவது, சின்னச் சின்ன ரிப்பேர். சம்பளத்தோடு மின்சாரமும் தண்ணீரும் உள்ள ஓர் இடம். குளிர்ந்த காற்று. மெஷின் நிற்காது. ஒரே ஒரு முள்தான் இருந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடுவதில்லை என்பது அந்த முகாமின் விதி. போனில் பேசிய மேலாளர், "நல்லா வெச்சிருந்தா பரவாயில்லை, கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். கிளம்ப இன்னும் ஆறு நாள்.

பக்கத்து வண்டி டூலி காபிக் குவளையோடு வந்து ஏணிக்கடியில் நின்றான். எழுபது வயது, தனிக்கட்டை. எல்லா முகாமிலும் வேலை பார்த்து எல்லா முகாமிலும் சண்டை போட்டவன்.

"என்ன வெண்டல், பொண்டாட்டியைக் கூரையில ஏத்திட்டு ராஜாவாட்டம் உக்காந்திருக்கே?"

"ராஜாவுக்கு மூச்சு வாங்குதுய்யா."

"நெட்டி, நான் சொல்றதைக் கேளு. கூரையை விடு. ஒரு டப்பா பெயின்ட் வாங்கி ரெண்டு பக்கமும் அடி. அந்தப் பழைய ஸ்டிக்கர் கோடெல்லாம் உரிஞ்சு தொங்குது பாரு, அதை எடு. அவனுங்க வெளியதான் பார்ப்பானுங்க. எவன் கூரையில ஏறிப் பார்க்கப் போறான்?"

"மழை ஏறிப் பார்க்கும்."

"மழையா உனக்கு இடம் குடுக்குது?"

நெட்டி சுரண்டுவதை நிறுத்தினாள். அவன் சொன்னது அவளுக்கும் தெரியாததல்ல. ஆறு நாளில் இரண்டையும் செய்ய ஆள் இல்லை. பெயின்ட் அடித்தால் மேலாளருக்குப் பிடித்துவிடும். ஆனால் மலையில் ஜூலை பிறந்தால் தினமும் மத்தியானம் மழை. பரண் மரம் போனால் கூரை போகும், கூரை போனால் வண்டி போகும், வேறு வண்டிக்கு வழியில்லை. அவள் மறுபடி சூட்டைக் காட்டினாள்.

"வண்டியோட வருஷத்தையாவது மாத்திச் சொல்லியிருக்கலாம். நானா இருந்தா 2015ன்னு எழுதியிருப்பேன்" என்றான் டூலி.

"தொண்ணூத்தி மூணுன்னு எழுதிட்டேன். அதுக்கு என்ன இப்போ? நீ உன் பலகை அறுக்கற மெஷினைக் கொண்டா. சும்மா நின்னு பேசறவனுக்கு இங்க காபி கிடையாது."

"காபி என்னோடது!" என்று சொல்லிக்கொண்டே டூலி மெஷினை எடுக்கப் போனான்.

சிலிக்கான் முழுக்கப் போக இரண்டரை நாள் ஆனது. நெட்டியின் விரல் நுனிகளில் தோல் உரிந்துவிட்டது. பிறகு ஓரத்து அலுமினியப் பட்டையைக் கழற்றினாள். நாற்பத்தொரு திருகு, அதில் பாதி துரு பிடித்துத் தலை முறிந்தது. அடியில் மரம் ஈரக் காபித்தூள் போல் கையோடு வந்தது. நல்ல மரம் தெரியும்வரை அறுத்து எடுத்துப் புதுப் பலகையை வெட்டிப் பொருத்தி, பசை வைத்து முடுக்கினாள். அதன்மேல் ரப்பரை இழுத்து ஒட்டி, ஒட்டும் நாடாவை விரித்து, பட்டையைத் திரும்பப் போட்டு, பழையதைவிட ஒரு சுற்று நீளமான திருகுகளை இறுக்கினாள். கடைசியாகக் கூரைக்கென்றே விற்கிற பசை. ஊற்றினால் தானாகப் பரவிச் சமமாகிவிடும். ஒவ்வொரு திருகுத் தலையும் அதில் மூழ்கும்வரை ஊற்றினாள்.

வெண்டலும் சும்மா இருக்கவில்லை. பளபளப்பு மெழுகை ஒரு துணியில் எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். நாலு தேய்ப்பு, ஒரு உட்காரல். கை எட்டிய உயரத்துக்கும் ஆக்சிஜன் குழாய் எட்டிய நீளத்துக்கும் வண்டி புதுசாக மின்னியது. அதற்கு மேலும் அதற்கு அந்தப் பக்கமும் முப்பது வருட வெயில் அப்படியே இருந்தது.

"நிறுத்து, வெண்டல். இப்ப ரெண்டு வண்டியை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு" என்றாள் நெட்டி.

"பாதியாவது நல்லா இருக்கட்டும்" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கூரைக்கே திரும்பினாள்.

ஐந்தாம் நாள் பரீட்சை. டூலி பரணுக்குள் ஏறி மல்லாந்து படுத்து, சரிசெய்த இடம் முழுக்கக் கழிப்பறைக் காகிதத்தை வரிசையாக ஒட்ட வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஒரு சொட்டு பட்டால்கூடக் காகிதம் காட்டிக் கொடுத்துவிடும். நெட்டி மேலே பத்து வாளித் தண்ணீர் ஊற்றினாள். பாலைவனத்தில் பத்து வாளி என்பது நாலு நாள் குளியல். வெண்டல் கதவருகே நின்று மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"சொல்லேன்டா!" என்று நெட்டி மேலிருந்து கத்தினாள்.

"இரு, நல்லாப் பாக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து டூலியின் கை மட்டும் பரணிலிருந்து நீண்டது. அதில் காகிதம் தொங்கியது. வெள்ளையாக, மொறுமொறுவென்று. "என் வாயைவிடக் காய்ஞ்சிருக்கு!"

நெட்டி கூரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதது கீழே தெரியாமலிருக்க, மீதித் தண்ணீரில் முகம் கழுவினாள்.

கொலராடோ முகாமின் மேலாளர் பிரெஸ்டனுக்கு முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து போனில் நாலு படம் எடுத்தார்.

"உள்ள வந்து பாருங்க. கூரையைப் பிரிச்சுப் புதுசா போட்டிருக்கேன். பிரேக்கும் நானே மாத்தினது" என்றாள் நெட்டி.

"நிச்சயமா நல்லாத்தான் இருக்கும், நெட்டி. உங்க கைவேலை பத்தி எனக்குச் சந்தேகமே இல்லை." பிரெஸ்டன் படியில் கால் வைக்கவில்லை. மின்னும் பாதிக்கும் மின்னாத பாதிக்கும் நடுவிலிருந்த கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "விருந்தாளிங்க ஏரியைப் பார்க்கத்தான் இங்க வர்றாங்க. புரியுதில்ல? பணியாளர் வண்டிங்க நிக்கற வரிசை அவங்க வர்ற பாதையிலேயே இருக்கு. அங்க இதை நிறுத்த முடியாது."

"வேலை?" என்று வெண்டல் கேட்டான்.

"வேலை உங்களுக்குத்தான். அதுல மாற்றமில்லை. கீழே குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால இடமிருக்கு. கொட்டகையிலிருந்து கரண்ட் ஒயர் இழுத்துக்கலாம். தண்ணிதான் தூக்கிட்டு வரணும்."

நெட்டி வெண்டலின் மூக்குக் குழாயைப் பார்த்தாள். மலைக்காற்று சில்லென்றிருந்தது. காலையிலிருந்து அவன் ஒருமுறைகூட இருமவில்லை.

"கரண்ட் நிக்காம வருமா, தம்பி?" என்றான் வெண்டல்.

"வரும்."

"அப்போ சரி" என்றாள் நெட்டி.

அவளுக்குக் கொடுத்த முதல் வேலை வேலி கட்டுவது. குப்பைத் தொட்டிப் பக்கம் விருந்தாளிகள் கண்ணில் படக் கூடாதென்று பத்தடி உயரத்துக்குப் பலகை வேலி. வெண்டல் உட்கார்ந்தபடி திருகுகளை எடுத்துக் கொடுத்தான், அவள் முடுக்கினாள். மூன்றாம் நாள் பச்சைப் பெயின்ட் அடித்து முடித்து, நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். வேலை நேர்த்தியாக இருந்தது. வண்டி தெரியவே இல்லை.

"பெயின்ட் அடின்னு டூலி அப்பவே சொன்னான்" என்றான் வெண்டல். நெட்டி பிரஷை அவன் மேல் ஓங்கினாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலையில் மழை வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆலங்கட்டியோடு கொட்டிவிட்டு இடி மலைக்கு அந்தப் பக்கம் போன பிறகும் மழை விடவில்லை. பிரெஸ்டன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். மேட்டில், ஏரியைப் பார்த்த முதல் இடத்தில் நிற்கிற வண்டி ஒழுகுகிறதாம். நெட்டி மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தார்ப்பாயும் கயிறும் பலகையுமாகக் கிளம்பினாள்.

"நம்மளது?" என்றான் வெண்டல்.

"வந்து பாக்கறேன். நீ பரணுக்கு ஏறாதே. ஏறினா உனக்கு ஒரு மணி நேரம் மூச்சு வராது."

மேட்டிலிருந்தது நாற்பதடி நீள வண்டி. கறுப்பும் வெள்ளியுமாக, மழையிலும் மின்னியது. சொந்தக்காரர் கல்ப், ஓய்வுபெற்ற பல் மருத்துவர், வாசலில் சூப்புப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். பாத்திரத்தில் பழுப்புத் தண்ணீர்.

"ரெண்டு வருஷம்கூட ஆகல" என்றார். "சரியா எங்க படுக்கைக்கு மேல சொட்டுது. இப்படி நடக்குமா?"

"ஓரத்துப் பசையை வருஷத்துக்கு ஒருதரம் பாக்கணும், சார். புதுசுன்னாலும் பாக்கணும்."

அவள் ஏறினாள். பலகையைப் போட்டு முட்டி போட்டாள். முன்பக்க ஓரத்தில் பசை பேருக்குத்தான் பூசியிருந்தது. ஒரு முழத்துக்குப் பிளந்து கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே போனது. இப்போதைக்குத் தார்ப்பாய்தான், காய்ந்த பிறகு பிரித்துப் போட வேண்டும். பாயை விரித்து ஒரு முனையைக் கட்டினாள்.

இரண்டாம் முனைக்குத் திரும்பியபோது வேலி கண்ணில் பட்டது. அந்த உயரத்திலிருந்து வேலிக்கு அந்தப் பக்கமும் தெரிந்தது. குப்பைத் தொட்டிகள், கொட்டகையிலிருந்து வந்த ஆரஞ்சு ஒயர், அவளுடைய வண்டியின் பரண் ஜன்னல். ஜன்னலில் வெண்டலின் முகம். ஏறாதே என்று சொல்லியும் ஏறியிருந்தான். வாய் திறந்திருந்தது, தோள் ஏறி இறங்கியது. இவள் பார்ப்பதைக் கண்டதும் கையைத் தூக்கினான். கையில் நீளமாக ஒரு கழிப்பறைக் காகிதம். அதை ஆட்டினான். அது கொடி போல் இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது. ஒரு சொட்டு பட்டிருந்தால் அப்படி ஆடாது.

நெட்டியும் கையைத் தூக்கினாள்.

"யாருக்குக் கை காட்டறீங்க?" என்று கல்ப் கீழிருந்து கேட்டார். கேட்டுக்கொண்டே அவள் பார்த்த திசையில் குடைக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தார். புதிதாகப் பச்சை பூசிய வேலி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

நெட்டி மண்டியிட்டு, அவருடைய படுக்கைக்கு மேல் தார்ப்பாயை இழுத்து, மீதி மூன்று முனைகளையும் இறுக்கிக் கட்டினாள்.