ஷட்டரில் சிக்கிய மாலை

என் தங்கை எழில்மொழிக்குக் காதல் என்றால் அது வெறியாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணக் காதலெல்லாம் அவளுக்குச் சப்பென்று இருக்கும். போனில் அவள் படிக்கும் தொடர்கதைகளில் நாயகன் கையைப் பிடித்தால் நாயகியின் வளையல் உடைந்து ரத்தம் வரும். அவளும் அதைத் துடைக்காமல் வைத்துக்கொள்வாள். "நீ எனக்கு மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு அவன் அவள் வாசலில் விடிய விடிய நிற்பான். நிஜத்தில் ஒருத்தன் அப்படி நின்றால் அப்பா போலீசுக்குத்தான் போவார் என்று நான் சொல்வேன்.

"ஊசி குத்திக் குத்தி உனக்கு மனசே மரத்துப்போச்சுக்கா" என்பாள். நான் குடவாசலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அவள் அதே ஊரில் கல்லூரி முதல் வருடம்.

படித்து அலுத்ததும் அவளே எழுத ஆரம்பித்தாள். ஒரு கதைச் செயலியில் வாரம் இரண்டு அத்தியாயம். நாயகன் பெயர் ஆதித்தன், மூக்குக்கு மேல் கோபம், கறுப்பு பைக். நாயகி மதி, கோடீஸ்வரர் மகள். நான் வேறு பெயரில் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். என்னதான் கேலி செய்தாலும் அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று எனக்கும் அரிப்பாகத்தான் இருந்தது.

ஆதித்தன் யார் என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் வளவன். எழில் தன் போனுக்குக் கண்ணாடி ஒட்டப் போனாள். அவன் தூசியை வாயால் ஊதிவிட்டு ஒட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே கீறி, மாற்றி ஒட்டிய கண்ணாடிகளைச் சேர்த்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல் போடலாம். இத்தனைக்கும் அவளுடைய பெயரைக்கூட அவன் கேட்டதில்லை.

வைகாசியில் வளவனுக்குக் கல்யாணம் நடந்தது. கடை வாசலில் பெரிய பேனர். எழில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அப்பா இளையபெருமாள் ஆற்றில் லஸ்கராக இருக்கிறார். எங்கள் ஊர் ரெகுலேட்டரில் தண்ணீரை மறிக்கும் ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று மேலே இருந்து வரும் உத்தரவுப்படி விடுவது அவர் வேலை. ஆடிப்பெருக்கு வந்தால் அவருக்கு முதுகு ஒடியும். கல்யாணமான ஜோடிகளெல்லாம் மேலே கும்பகோணம் பக்கத்துப் படித்துறைகளில் தங்கள் கல்யாண மாலைகளை ஆற்றில் விடுவார்கள். விட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை மாலையும் மிதந்து வந்து எங்கள் ஷட்டரில்தான் அடையும். அப்பா கொக்கி போட்டு இழுத்துக் கரையில் குவிப்பார்.

இந்த வருடம் எழில் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். வளவனும் அவன் மனைவியும் மாலைகளைத் தண்ணீரில் விட்டதை எதிர்க்கரையில் நின்று பார்த்திருக்கிறாள். மாலைக்கு இணையாகக் கரையோடு சைக்கிள் மிதித்து வந்திருக்கிறாள். மரங்கள் மறைத்த இடங்களில் பார்வையிலிருந்து தவறவிட்டு, பிறகு பிடித்து, ஷட்டருக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு வண்டிக் குப்பை. நான் அப்பாவுக்குச் சோறு கொண்டு போனபோது, முழங்கால் வரை நனைந்து, மார்போடு ஒரு மாலையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், அது என்னடி?"

"என்னோடது" என்றாள்.

அந்த ஈர மாலையைத் துப்பட்டாவில் சுற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அறை எங்கள் இருவருக்கும் பொது. அழுகின பூ வாடை எனக்கும் சேர்த்துத்தான். அம்மா அம்சத்திடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். சொல்லவில்லை. ஒரு வாரத்தில் காய்ந்து தானே குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன்.

ஆனால் விடியற்காலையில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எழில் கட்டிலில் உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டுத் துப்பட்டா மூட்டையைத் தொட்டபடி, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் பேசியது தானாகப் பேசுகிறவள் மாதிரி இல்லை. நிறுத்தி, கேட்டு, பிறகு பேசினாள்.

"யாருகிட்டடி பேசுற?"

"அவருகிட்டதான். இன்னைக்கும் என்னை யாருன்னு கேட்டாருக்கா. தெனமும் மறந்துடுறாரு. ரொம்ப இருமுறாரு, பாவம்."

வளவன் இருமி நான் பார்த்ததில்லை.

அடுத்த அத்தியாயத்தில் ஆதித்தனும் இருமினான். கறுப்பு பைக்கைக் காணோம். வரப்பில் குந்தியிருந்தான். மதியைப் பார்த்து, "யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டான். அவள், "ஷட்டர் இளையபெருமாள் மவ" என்றாள். "லஸ்கர் மவளா? அப்ப நீ நம்ம புள்ளதான். தண்ணி வந்துடுச்சா?" என்றான் ஆதித்தன்.

கீழே வாசகிகள் பிடித்துக்கொண்டார்கள். மதியோட அப்பா கோடீஸ்வரர்தானே, இது யாரு இளையபெருமாள்? ஹீரோவுக்கு வயசு என்ன சிஸ்? ஏன் இவரு எங்க தாத்தா மாதிரி பேசுறாரு? எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு அந்த வரியைத் திரும்பப் படித்தேன். அப்பாவின் பெயரை அவள் தெரிந்து எழுதினாளா, கை தவறி எழுதினாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த அத்தியாயங்களில் காதல் வசனமே இல்லை. ஆதித்தன் தண்ணீரைப் பற்றித்தான் பேசினான். தன் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது, எல்லார் வயலும் குடித்த பிறகு மிச்சம் இருந்தால்தான் தனக்கு, இந்த வருடம் நாற்று விட வேண்டும், தண்ணி வந்துடுச்சா. இன்னும் இல்லை என்று மதி சொல்வாள். சரி, நாளைக்குப் பாத்துச் சொல்லு என்பான். வாசகிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எழில் கவலைப்படவில்லை. கன்னம் ஒட்டிப்போய், கல்லூரிக்குப் போகாத நாள் அதிகமாகி, முகத்தில் மட்டும் ஒரு சந்தோஷம். அவளைக் கட்டாயப்படுத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு குறைந்த ஹீமோகுளோபினை வேறு யாருக்காவது பார்த்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

அவள் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் டாக்டரிடம் காட்ட அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அகரவெளிக்குப் பிரியும் பாதையில் பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்த எழில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, தெரிந்தவர் யாரையோ பார்த்தது போல வெளியே லேசாகத் தலையசைத்தாள். அங்கே யாரும் இல்லை. நிழற்குடைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பாதியை ஆடு தின்றிருந்தது. தோளில் துண்டு போட்ட ஒரு வயசாளி. அகரவெளி பக்கிரிசாமி. ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள் செத்திருந்தார்.

அன்று மாலை எழில் குளிக்கப் போன நேரத்தில் துப்பட்டாவைப் பிரித்தேன். கல்யாண மாலை என்றால் கீழே குஞ்சம் இருக்கும், ஜரிகை சுற்றியிருக்கும். இதில் எதுவும் இல்லை. நாரில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல் முடிச்சோடு சிக்கியிருந்தது. பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி. மேலே படித்துறையில் அஸ்தி கரைக்க வந்தவர்கள் யாரோ இதையும் ஆற்றோடு விட்டிருக்கிறார்கள். கல்யாணமும் சாவும் ஒரே ஷட்டரில் வந்து சிக்கியிருக்கின்றன, என் தங்கை கொக்கிக்குக் கிடைத்ததை எடுத்து வந்துவிட்டாள்.

அதைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அது வளவனுடையது இல்லை என்று தெரிந்தால் மொத்தமாக உடைந்துபோவாளோ என்று, இருந்தபடியே சுற்றி வைத்துவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு விடியற்காலை, கண்ணைத் திறந்ததும் பழக்கத்தில் போனைப் பார்த்தேன். எழில் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தாள். அடுத்தது நிறைவு அத்தியாயம். ஆதித்தன் கூப்பிட்ட இடத்துக்கு மதி போகிறாள். திரும்பி வர மாட்டாள்.

பக்கத்துக் கட்டில் காலி. மூட்டையும் இல்லை.

ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம். செருப்புகூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஷட்டருக்குப் போனேன். போகும் வழியெல்லாம் தண்ணீரில் எதைப் பார்த்தாலும் அவளுடைய துப்பட்டாவாகவே தெரிந்தது. அப்பா மேலே நின்று ஷட்டர் பல்லுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தார்.

"எழில் வந்தாளாப்பா?"

"இப்பத்தான் போவுது. அகரவெளி வாய்க்கா தொறந்தாச்சான்னு கேட்டுச்சு. நேத்து சாயங்காலமே தொறந்தாச்சேன்னேன். சிரிச்சுக்கிட்டே சைக்கிள எடுத்துக்கிட்டுப் போச்சு. ஏன், என்னாச்சு?"

பதில் சொல்ல நேரமில்லை. வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு போனேன். கூடவே தண்ணீரும் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கோ ஓர் இடத்தில் அதை முந்திவிட்டேன் போலிருக்கிறது, பிறகு வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. கரை முடிந்த இடத்தில் கடைசி வயல். வெடித்த மண். வரப்பில் சைக்கிள் சாய்ந்திருந்தது. எழில் மடை வாயில் குந்தியிருந்தாள். மடியில் மாலை.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். பக்கத்தில் போனதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"திரும்பி வரமாட்டேன்னு எழுதியிருக்கியேடி."

"போவலாம்னுதாங்கா வந்தேன். கூப்புட்டா போயிடலாம்னு."

"இது வளவன் மாலை இல்ல எழிலு. எழவு மாலை."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"எடுத்துட்டு வந்த மூணாம் நாளே. கோடித் துணியப் பாத்தேன்."

"பின்ன எதுக்குடி இதக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டிருந்த?"

அவள் மாலையிலிருந்து ஒரு காய்ந்த இதழைக் கிள்ளினாள். "ரெண்டு வருசமா அந்தக் கடைக்குப் போனேன்க்கா. ஒரு நாளாவது நீ யாருன்னு கேட்டாரா? இவரு தெனமும் கேட்டாரு."

அவளை அத்தனை நாளும் பக்கத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டு நான் கேட்டதெல்லாம் என்னடி அது, என்னடி நாற்றம் என்பதுதான்.

அப்போது தண்ணீர் வந்தது. சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. நுரையும் செத்தையும் முன்னே வர, மடையில் ஒரு நிமிடம் தயங்கி, வெடிப்புகளுக்குள் இறங்கியது. எழில் மாலையைத் தண்ணீரில் வைத்தாள். குனிந்து ஏதோ சொன்னாள். பிறகு காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பேச மாட்டேங்குறாருக்கா" என்றாள். முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துவிட்டது. "போயிட்டாரு போல."

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஒரு ஆள் வந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். மொட்டை அடித்த தலையில் முடி குத்துக் குத்தாக வளர்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். போஸ்டரில் இருந்த அதே தாடை.

"யாரு வூட்டுப் புள்ளைங்க?"

எழில் எழுந்து நின்றாள். "ஷட்டர் இளையபெருமாள் மவ."

அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். அதைப் படித்திருக்கிறேன். சொல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"லஸ்கர் மவளா?" மண்வெட்டியை ஊன்றினார். "அப்ப நீ நம்ம புள்ளதான்."

எழில் உடைந்துவிட்டாள். வளவன் கல்யாணத்துக்கு அழாதவள், இந்த ஆள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு, சாவு வீட்டில் அழுவது போல அழுதாள். அவர் மடையில் மிதந்த மாலையைப் பார்த்தார். அதைத் தெரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏம்மா அழுவுற? எங்கப்பாவத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன், அவள் நிறுத்தவில்லை. "தண்ணி வந்துடுச்சா, தண்ணி வந்துடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு."

அவர் கை மண்வெட்டிக் காம்பிலேயே நின்றுபோனது.

"கடைசியா என்கிட்டயும் அதத்தாம்மா கேட்டாரு" என்றார். "வாய்க்கா காஞ்சு கெடந்துச்சு. நிம்மதியாப் போவட்டுமேன்னு, வந்துடுச்சுப்பான்னு சொல்லிட்டேன். என் மொகத்தையே பாத்தாரு. நம்பலம்மா. நம்பாமலே போயிட்டாரு."

எழில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நான் சொல்லிட்டேங்க" என்றாள். "நம்பிட்டாரு."

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி வரப்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார்.